வான் ஓடினால் பின் பற்றரி நிறையுமா?

அறுகம்பேயில் அலைக்காலம் தொடங்கிவிட்டால், கூரையில் அலைச்சறுக்குப் பலகை கட்டிய வான்கள் பொத்துவில் பக்கம் வந்து குவியும். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டிருப்பார்கள். கட்டிலுக்கு அடியில் சின்னதாக ஒரு பிரிட்ஜ், தலைமாட்டில் ஒரு ஃபேன். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் சாமான்களோடு உகந்தை வரை போய் நிற்கும் வான்களிலும், திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டி ஓடும் வான்களிலும்கூட இரண்டாவது பற்றரி ஒன்றைக் காணலாம். அதற்கு எப்படிச் சார்ஜ் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "வான் ஓடுதுதானே, தானா ஏறும்."

பாதி சரி. ஏறும். ஆனால் எவ்வளவு ஏறும் என்பதற்கு வான் ஓடிய கிலோமீற்றர் கணக்கில்லை. பின் பற்றரியின் முனைக்கு எத்தனை வோல்ற் வந்து சேருகிறது, அது எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. வயர், ரிலே (கரண்டால் தானாகத் திறந்து மூடும் சுவிட்ச்), சார்ஜர் என்று நாம் வாங்கிப் பூட்டுகிற எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில், இரண்டாவது பற்றரி எதற்கு? பொனட்டுக்குள் இருக்கும் பற்றரி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கென்றே செய்தது. உள்ளே மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியரை அள்ளிக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிறைந்துகொள்ளும். இரவு முழுக்கப் பிரிட்ஜும் ஃபேனும் அதை உறிஞ்சினால் காலையில் வானைத் தள்ள ஆள் தேட வேண்டும். அப்படிப் பல தடவை இறக்கி ஏற்றினால் பற்றரியே செத்துவிடும். மெதுவாக, ஆழமாக இறங்கி ஏறுவதற்கு டீப் சைக்கிள் பற்றரி தனியாக உண்டு. அதைத்தான் பின்னால் வைக்கிறோம். இனி ஒன்றை முன் பற்றரி, மற்றதைப் பின் பற்றரி என்றே சொல்கிறேன்.

இப்போது ஓல்டர்னேற்றருக்கு வருவோம். எஞ்சின் பெல்ட்டில் சுழலும் இது உள்ளே உண்டாக்குவது ஆடலோட்டம். அதிலேயே பூட்டியிருக்கும் டயோட்டுகள் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுபவை) அதை நேரோட்டமாக்கி வெளியே விடுகின்றன. கூடவே ஒரு ரெகுலேற்றர் இருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் வெளியே வரும் வோல்ற்றளவை 14.2, 14.4 என்ற அளவில் பிடித்து வைப்பது அதன் வேலை. பலர் கவனிக்காதது இதைத்தான்: ஓல்டர்னேற்றர் காப்பாற்ற முயல்வது வோல்ற்றளவை. அம்பியர் எவ்வளவு போகிறது என்பதைப் பற்றரியும், லைட்டும், ஏசியும், நடுவில் கிடக்கும் வயரும்தான் முடிவு பண்ணுகின்றன. 80 அம்பியர் ஓல்டர்னேற்றர் பூட்டியிருப்பதால் பின் பற்றரிக்கு 80 அம்பியர் போகப் போவதில்லை.

இன்னொரு விஷயம். தகட்டில் எழுதியிருக்கும் 80 என்பது, ஓல்டர்னேற்றர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது தரும் அளவு. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டு நிற்கும்போது அது 2000 சுற்றுக்குக் கிட்டத்தான் சுற்றும். அப்போது கிடைப்பது எழுதிய அளவில் பாதி, சிலவேளை அதற்கும் குறைவு. அதிலிருந்து ஹெட்லைட்டுக்கு எட்டு ஒன்பது அம்பியர் போகும். ஏசி ஊதுகிற மோட்டருக்கு ஒரு பங்கு, செட்டுக்கு ஒரு பங்கு. முன் பற்றரி ஸ்டார்ட்டில் இழந்ததையும் எடுத்துக்கொள்ளும். பின்னால் போய்ச் சேருவது இதெல்லாம் போன மிச்சம்தான்.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆனால் இதில் பெரும் பகுதி ஊர்களுக்குள்ளேதான் ஓடுகிறது. கல்லடிப் பாலம் தாண்டினால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றை விட்டு ஒன்று தொடங்கும். பிரேக், கிளச், ஹோர்ன், திரும்பப் பிரேக். ஓல்டர்னேற்றர் தாராளமாகக் கொடுக்கத் தொடங்குவது அக்கரைப்பற்று கழிந்து, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று ரோடு விட்ட பிறகுதான். மணிக்கணக்கு ஒன்றாக இருந்தாலும், முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

சரி, வயருக்கு வருவோம். இதை மட்டும் விளங்கிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மட்டக்களப்பு வாவியில் வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டி விடுவார்கள். தண்ணீர் எவ்வளவு வேகமாக வடியும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள்: வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் மட்ட வித்தியாசம், வெட்டின வாயின் அகலம். வாவி வற்றிக் கடல் உயர்ந்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம் வரும். இரண்டு பற்றரியை ஒரு வயரால் இணைப்பதும் இதே கதைதான். வோல்ற்றளவு வித்தியாசம்தான் மட்டம், வயரின் தடிப்புத்தான் வாய். எஞ்சின் ஓடும்போது முன்பக்கம் உயரம், பின்பக்கம் பள்ளம். நிறுத்திவிட்டால் அந்த உயரம் போய்விடும். பிறகு பிரிட்ஜ் பின் பற்றரியை இறக்க இறக்க, முன் பற்றரியும் அதே வழியால் பின்னோக்கி வடியும்.

இனிக் கணக்கு. நீளமான வானில் முன் பற்றரிக்கும் பின் பற்றரிக்கும் ஐந்து மீற்றர் தூரம் என்று வைப்போம். போக ஐந்து, எர்த் வர ஐந்து, மொத்தம் பத்து மீற்றர் செம்பு. வீட்டில் பிளக் பொயின்டுக்கு இழுக்கிற 2.5 சதுர மில்லிமீற்றர் வயரைப் போட்டால் அதன் தடை ஏறத்தாழ 0.07 ஓம். 30 அம்பியர் போக வேண்டுமானால் வயருக்குள்ளேயே 2.1 வோல்ற் விழும். முன்னால் 14.2 இருந்தால் பின்னால் மிஞ்சுவது 12.1. காலிப் பற்றரிக்குக்கூட அது போதாது. அதாவது அந்த வயரில் 30 அம்பியர் போகவே போகாது. நடைமுறையில் பத்துப் பதினைந்து அம்பியரோடு தொடங்கும். பின் பற்றரி கொஞ்சம் ஏறி அதன் முனையில் 13.8 வோல்ற் வந்ததும், மிச்சமிருக்கும் வித்தியாசம் வெறும் 0.4 வோல்ற். அதை 0.07-ஆல் வகுத்தால் ஆறு அம்பியருக்குக் கிட்ட. ஓட்டம் குறையக் குறைய வயரில் விழுவதும் குறையும் என்பதால், மெல்லிய வயரிலும் ஒரு நாள் பற்றரி நிறையத்தான் செய்யும். ஆனால் அதற்குள் நீங்கள் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்துவிடலாம்.

அதே பத்து மீற்றருக்கு 16 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் தடை 0.011 ஓம்தான். 30 அம்பியரில் விழுவது 0.33 வோல்ற். 25 போட்டால் 0.21. பணம் இருக்கிற அளவுக்குத் தடித்த வயரைப் போடுங்கள். ரிலேயில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, வயரில் பிடிக்காதீர்கள் என்பது என் கட்சி. எங்கள் பக்கம் கராஜில், "காக்கா, ரெண்டு பற்றரியையும் ஒண்டாக் கட்டித் தாங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவோம். வந்து பார்த்தால் கிடைத்த வயரில் கட்டியிருப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எத்தனை அம்பியர், எத்தனை மீற்றர் என்று நாம் சொல்லவில்லையே.

எர்த்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானின் இரும்பு உடலை, அதாவது பொடியை, எர்த்தாகப் பாவிப்பதில் தவறில்லை. இரும்பு போதிய தடிப்பு. பிரச்சினை அது பூட்டுகிற இடத்தில்தான். பெயின்டைச் சுரண்டாமல் ஆணி பூட்டினால் அங்கேயே அரை வோல்ற் போய்விடும். கடற்கரை ஊர்க்காரருக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. செம்பு வயரின் வெட்டு முனையில் பச்சையாகப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சை, உறையின் உள்ளே இழைகளுக்கு நடுவிலும் ஏறும். வயர் முனையில் பூட்டுகிற லக்கை நன்றாக அழுத்திப் பிடித்து, அதன் கழுத்தில் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுவது இங்கே ஆடம்பரமில்லை. ஈயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, வாயைத் திறந்து மூடுவது யார்? நிரந்தரமாக இணைத்துவிட்டால் இரவில் இரண்டும் சேர்ந்து வடியும் என்று பார்த்தோம். கையால் திருப்புகிற சுவிட்ச் ஒன்று போடலாம். மலிவு, பழுதாக எதுவுமில்லை. ஆனால் மறக்காத மனுசர் யார்? டயோட் வைத்த பிரிப்பான் ஒரு காலத்தில் ஓடியது. சாதாரண டயோட்டில் 0.7 வோல்ற் அளவில் விழும் என்பதால் இப்போது அதை யாருக்கும் சொல்வதற்கில்லை. சாவி போட்டதும் இணைகிற சாதாரண ரிலேயும் உண்டு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணும் நேரத்திலேயே பின் பற்றரியும் இணைந்திருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டர் அதிலிருந்தும் இழுக்கும். மெல்லிய வயரும் பியூஸும் அதைத் தாங்காது.

அதனால்தான் வோல்ற்றளவைப் பார்த்து வேலை செய்கிற ரிலே வந்தது. கடையில் வி.எஸ்.ஆர். என்று கேட்டால் தெரியும். முன் பற்றரியில் 13.3 வோல்ற் அளவுக்கு ஏறினால், எஞ்சின் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு இணைக்கும். 12.8 அளவுக்கு இறங்கினால் பிரித்துவிடும். சுவிட்ச் வேண்டாம், சாவி வயரைத் தேடிப் பிடிக்க வேண்டாம். பழைய டொயோட்டா டொல்பின் வானும் ஈயப் பற்றரியும் என்றால் இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த ரிலே ஒரு கதவுதான், சார்ஜர் அல்ல. முன்னால் என்ன வோல்ற்றளவோ அதில் வயர் தின்றது போக மிச்சம்தான் பின்னால் வரும். அதை உயர்த்தித் தருவதற்குத்தான் டிசி டிசி சார்ஜர். முன்னால் 13 வோல்ற் வந்தாலும், வயரில் கொஞ்சம் விழுந்தாலும், பின் பற்றரிக்கு வேண்டிய 14.4-ஐ அது உண்டாக்கிக் கொடுக்கும். பற்றரி நிறைந்ததும் தானாகவே 13.5-ஐ ஒட்டி இறக்கிப் பிடித்துக்கொள்ளும். 30 அம்பியர் சார்ஜர் என்றால் பின்னால் கொடுப்பது 30, முன்னால் எடுப்பது 35-ஐத் தாண்டும். உயர்த்துவதற்கும் சூடாகிப் போவதற்கும் யாராவது கொடுக்க வேண்டுமே. அதனால் இதற்கும் தடித்த வயர் வேண்டும். சார்ஜரைப் பின் பற்றரிக்குக் கிட்டவே பூட்ட வேண்டும்.

புதிய வாகனங்களில் இது கட்டாயம் என்றே சொல்லலாம். எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக அவற்றின் கம்பியூட்டர் ஓல்டர்னேற்றரை வேண்டுமென்றே தளர்த்தி விடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இறுக்கிச் சார்ஜ் ஏற்றும். நம் ரோடுகளில் நிறைய ஓடுகிற சுசுகி வேகன் ஆரின் எனி சார்ஜ் முறையும் இந்த வகைதான். அப்படிப்பட்ட வண்டியில் வி.எஸ்.ஆர். பூட்டினால் ஓயாமல் இணைந்து பிரிந்துகொண்டிருக்கும், அல்லது இணையவே இணையாது. டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் ஓல்டர்னேற்றரே கிடையாது. பெரிய ஹைபிரிட் பற்றரியிலிருந்து இறக்கித்தான் 12 வோல்ற் எடுக்கிறார்கள். அதில் கை வைக்கும் முன் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நேரக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் முழுமையாகாது. வானில் இருவர் தங்குகிறார்கள் என்று வைப்போம். 45 வொற் சின்னப் பிரிட்ஜ், நம் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடினால் 45 அம்பியர்-மணி (ஒரு அம்பியர் ஒரு மணி நேரம் போனால் ஒரு அம்பியர்-மணி). ஃபேன் ஒன்று இரவு முழுக்க ஓடினால் 13. இரண்டு எல்ஈடி, போன்கள் சேர்த்து ஏழெட்டு. மொத்தம் 65-ஐ ஒட்டி வரும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பார்கள். அப்படியானால் ஒரு பற்றரி ஒரு நாளைக்கே பற்றாது. இது பலருக்கு முதல் அதிர்ச்சி.

இரண்டாவது அதிர்ச்சி ஏற்றும்போது வரும். பாதி இறங்கிய ஈயப் பற்றரி முதலில் 20, 25 அம்பியரை ஆசையாக வாங்கும். எண்பது வீதத்தைத் தாண்டியதும் வாயை மூடத் தொடங்கிவிடும். முன்னால் எவ்வளவு பெரிய ஓல்டர்னேற்றர் இருந்தாலும் அது மாறாது. கடைசி இருபது வீதத்துக்கு நான்கு ஐந்து மணி நேரம், அதற்கு மேலும் பிடிக்கும். ஆகவே மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை மூன்று மணி நேரம் ஓடினால் ஐம்பதிலிருந்து எண்பத்தைந்து வரை நன்றாக ஏறலாம். நூறைத் தொடாது. கல்லடியிலிருந்து காத்தான்குடிக்குப் போய் மீன் வாங்கி வருவதெல்லாம் ஸ்டார்ட்டர் எடுத்ததைத் திருப்பிக் கட்டுவதற்கே சரி. எப்போதும் எண்பதிலேயே நிற்கிற ஈயப் பற்றரியின் தகட்டில் சல்பேற்று இறுகிப்போகும். ஆயுளும் அதோடு போகும். வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக் கரண்டில் மாட்டி முழுதாக ஏற்றிவிடுங்கள்.

லிதியம் பற்றரி இதற்கு நேரெதிர். வானில் பாவிப்பது லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகை. கிட்டத்தட்ட நிறையும் வரை கொடுப்பதையெல்லாம் விழுங்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஓல்டர்னேற்றருக்குத்தான் ஆபத்து. கல்முனை நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஓல்டர்னேற்றரின் சொந்த விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். சூடு போக வழியில்லை. லிதியமோ முழு பலத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும். கம்பிச்சுருள் எரிந்து புகைவது இப்படித்தான். அதோடு, நடு ஓட்டத்தில் லிதியத்தின் பாதுகாப்புச் சுற்று திடீரென்று தன்னைத் துண்டித்துக்கொண்டால், போக இடமில்லாத கரண்ட் வோல்ற்றளவைத் துள்ளவைத்து டயோட்டுகளைக் கொன்றுவிடலாம். போதாததற்கு, லிதியம் நிறைந்து சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ற் காட்டும். வி.எஸ்.ஆர். அதைப் பார்த்து எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்று நம்பிப் பிரியாமல் கிடக்கும். லிதியம் வாங்கக் காசிருந்தால் டிசி டிசி சார்ஜருக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். அம்பியருக்கு அது ஒரு எல்லை போடும், ஓல்டர்னேற்றர் தப்பும். குளிரில் லிதியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்று வெளிநாட்டு வீடியோக்களில் பயமுறுத்துவார்கள். அது உறைநிலைக்குக் கீழே. நம் பக்கத்துக்கு வெயில்தான் எதிரி.

வெயில் ஈயப் பற்றரிக்கும் எதிரிதான். பத்துப் பாகை சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அதனால் பின் பற்றரியைப் பொனட்டுக்குள் திணிக்காதீர்கள். உள்ளே வைப்பதாக இருந்தால், தண்ணீர் ஊற்றுகிற சாதாரண வகை வேண்டாம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஐதரசன் வரும், நீங்கள் படுப்பது அதற்கு மேலே. மூடிய ஏஜிஎம் வகை எடுங்கள். குலுக்கலில் நகராமல் இறுக்கிக் கட்டுங்கள்.

பியூஸ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த நீள வயரின் இரண்டு முனையிலும் பற்றரி இருக்கிறது. நடுவில் எங்காவது உறை தேய்ந்து பொடியில் தொட்டால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். எனவே இரண்டு முனைக்கும் பியூஸ் வேண்டும், பற்றரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். ஒரு பக்கம் மட்டும் போட்டால், தொட்ட இடத்தில் மற்றப் பற்றரி நிதானமாகத் தீ மூட்டும்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் ஒரு மல்டிமீற்றரை எடுங்கள். எஞ்சின் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து முழுதாக ஏறிய ஈயப் பற்றரி 12.6-க்கு மேல் காட்டும். 12.2 என்றால் பாதி. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, அரை அக்சிலரேற்றரில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, பின்னால் பிரிட்ஜையும் ஃபேனையும் போட்டுவிட்டு, முன் பற்றரி முனையிலும் பின் பற்றரி முனையிலும் அளந்து பாருங்கள். வி.எஸ்.ஆர். பூட்டிய வானில் முன்னால் 14.2, பின்னால் 13.9 என்றால் வயர் நல்ல வயர். பின்னால் 13.2 என்றால் எங்கோ ஒரு வோல்ற் தின்னப்படுகிறது. வயரைக் கையால் தடவிக்கொண்டு போங்கள், சுடுகிற லக் அல்லது ரிலே முனைதான் கள்ளன். இந்தச் சோதனையைப் பற்றரி இறங்கியிருக்கும்போது செய்ய வேண்டும். நிறைந்த பற்றரி எதையும் கேட்காது, அப்போது கெட்ட வயரும் நல்ல வயர் போலவே அளவு காட்டும்.

உகந்தையில் மூன்று நாள் நிறுத்தி வைக்கிற வானுக்கு இது எதுவும் உதவாது. சார்ஜுக்காக எஞ்சினைச் சும்மா ஓடவிடுவதுதான் இருக்கிற வழிகளில் மிக மோசமானது. டீசல் போகும், ஓல்டர்னேற்றர் பாதிகூடக் கொடுக்காது, பக்கத்தில் படுத்திருப்பவர்களின் சாபமும் சேரும். அங்கே கூரையில் ஒரு 200 வொற் சோலார் தகடு வேண்டும். அது நிற்கும் நாட்களுக்கு மட்டுமல்ல. ஓடிய நேரத்தில் ஓல்டர்னேற்றர் எண்பது வரை வேகமாக ஏற்றித் தரும், மெதுவாக ஏறும் கடைசி இருபதைப் பகல் முழுக்க வெயில் பார்த்துக்கொள்ளும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை இந்தக் கூட்டு பிசகாமல் வேலை செய்யும். கார்த்திகை, மார்கழி மழைக்குள் வெயிலை நம்ப முடியாது, ஹெட்லைட்டும் வைப்பரும் வேறு தங்கள் பங்கைக் கேட்கும். அந்த மாதங்களில் பிரிட்ஜை அணைத்துவிட்டு ஐஸ் பெட்டியோடு போங்கள். வாழைச்சேனையிலோ கல்முனையிலோ ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை.